காரணம்: வழக்கம்

ஏப்ரல் 1, செவ்வாய்

விலகல் கடிதம் கொடுத்தேன். காலை 10.40, தாளாளர் அறை. மொத்தம் ஐந்து வரி. பதினேழு வருட வேலைக்கு ஐந்து வரி போதும் என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். காரணம்: பயண தூரம். அது பொய் இல்லை. வீடு சாத்தூரில், பள்ளி கோவில்பட்டியில். ஜூன் மாதம் சேரப்போகும் பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கேயும் கணிதம்தான், மேல்நிலை வகுப்புகள்தான்.

தாளாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதலில் கேட்டது: “டைம்டேபிள இனிமே யாரு போடுவா?”

இருக்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை. முப்பதாம் தேதி வரை வேலை. அதற்குள் கால அட்டவணைப் பொறுப்பைத் துணை முதல்வரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

துணை முதல்வர் திரு. வெயிலுமுத்து. இயற்பியல் ஆசிரியர். ஜனவரி 20 அன்று அந்தப் பதவிக்கு வந்தார். நான் இங்கே சேர்ந்து ஏழு வருடம் கழித்துச் சேர்ந்தவர். இது தகவலுக்காக.

ஏப்ரல் 2, புதன்

பணியறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தமிழாசிரியை சண்முகவடிவு என் மேஜைக்கு வந்து நின்றார். “நேத்து ஏப்ரல் ஒண்ணுல்லா, எங்கள ஏமாத்துறீகன்னு நெனச்சேன் டீச்சர்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஒப்படைக்க வேண்டியதைக் கணக்கெடுத்தேன். ஒட்டுப்பலகை ஒன்று, எட்டடிக்கு நாலடி. முப்பத்தொரு ஆசிரியர்களுக்கு முப்பத்தொரு வரிசை. வாரத்துக்கு நாற்பது பாடவேளை, நாற்பது கட்டம். பதினெட்டுப் பிரிவுகளுக்கு 720 சீட்டுகள். எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தவை. அட்டை கனமாக இருக்கும், ஓரம் மடங்காது. திருப்பிப் பார்த்தால் ஒன்றில் ‘சுபமுகூர்த்த’ இருக்கும், இன்னொன்றில் ஒரு மணமகனின் பாதிப் பெயர்.

ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஆசிரியரின் பெயர்ச்சீட்டு. அவற்றில் பன்னிரண்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பக்கத்தில் கிழமையும் பாடவேளை எண்ணும், அல்லது அறை. ‘திங்கள் 1’ என்றால் அவருக்குத் திங்கள் முதல் பாடவேளை வகுப்பு வைக்கக்கூடாது. புள்ளி வைத்ததை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது. ஏன் என்று எங்கேயும் எழுதவில்லை. சண்முகவடிவும் ராஜாமணியும் ஒரு சம்பந்தப் பேச்சு முறிந்ததிலிருந்து ஒரே வராந்தாவில் நடப்பதில்லை. அது ஒரு புள்ளி. இன்னொருவரின் கணவர் மில்லில் இரவுப்பணி முடிந்து ஒன்பதரைக்குத்தான் வருவார், அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அது ஒன்று. என்னிடம் கேட்டவர்கள் நால்வர். மற்றவர்கள் கேட்கவில்லை. நானே பார்த்து வைத்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

வெள்ளிக்கிழமை பஸ். பள்ளி விடுவது 4.20, வண்டி 4.30, விருதுநகரில் இறங்கித் தம்பி இருக்கிற காப்பகம் போய்ச் சேர 5.40. பார்வை நேரம் 5.30 வரை. காவலாளி வழக்கம்போல் முனகிவிட்டுத் திறந்தார். தம்பிக்கு ஒரு லுங்கி, ஒரு பொட்டலம் சேவு. முகம் தெளிவாக இருந்தது. பத்து நிமிடம் பேசினோம். “ஏன்க்கா லேட்டு” என்றான். பத்து வருடமாக இதே கேள்வி.

ஏப்ரல் 7, திங்கள்

துணை முதல்வர் மடிக்கணினியோடு வந்தார். கால அட்டவணை போடுவதற்கென்றே ஒரு மென்பொருள். ஆசிரியர் பெயர், பாடம், வகுப்பு, இயலாத பாடவேளை, காரணம் என்று கட்டங்கள். காரணம் எழுதாவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடுகிறது, மேலே நகராது. யாருக்கும் சலுகை இருக்கக்கூடாது என்று தாளாளர் சொல்லியிருக்கிறாராம்.

பணியறையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “டைம்டேபிள் என்ன ராக்கெட்டா? எல்லாத்தையும் உள்ள குடுத்தா அஞ்சு நிமிசத்துல துப்பிரும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அதைப் போட மே மாதம் பதினோரு நாள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைசி இரண்டு பாடவேளை வகுப்பு இல்லை. பலகையைத் துடைத்தேன். ஒப்படைக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டுகளின் பின்பக்கம் பென்சில் குறிகள் இருந்தன. அழுக்காகத் தெரிந்தன. ரப்பரால் அழித்தேன். பன்னிரண்டையும். அரை மணி நேர வேலை. துகளை ஊதிவிட்டுக் கை கழுவினேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் 46 திருத்தினேன். சரியான தூக்கம் இல்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாதிரி அட்டவணை ஒன்றைத் துணை முதல்வர் எடுத்துப் பணியறைச் சுவரில் ஒட்டினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, நான்குதான். ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மோதல் எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் ஒருவருக்கு இரண்டு வகுப்பு இல்லை. சண்முகவடிவும் ராஜாமணியும் அடுத்தடுத்த அறையில். வரலாற்று ஆசிரியர் இருதயராஜ் சார் தரைத்தளம், மூன்றாம் அறை. செவ்வாய், வியாழன் ஆறாவது பாடவேளை. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் விளையாட்டு வகுப்பு, விசில்.

இருதயராஜ் சாருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. அமைதியான அறையில், முகத்தைப் பார்த்தால் சமாளித்துவிடுவார். சத்தத்துக்கு நடுவே ஒன்றும் பிடிபடாது. அதனால்தான் அவருக்கு எப்போதும் மாடியில் கடைசி அறை. பின்னால் கருவேலங்காடு, ஆள் நடமாட்டம் கிடையாது. பிள்ளைகள் கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதி அவர் மேஜையில் வைக்க வேண்டும். எழுதிக் கேட்டால்தான் கேள்வி தெளிவாகும் என்பார். இந்த முறையைத் தாளாளர் ஆண்டுவிழா மேடையில் புகழ்ந்திருக்கிறார். இருதயராஜ் சார் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். விஷயம் தெரிந்தால் நிர்வாகம் அந்த இரண்டு வருடத்தைக் கொடுக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்றாம் அறையில் ஒரு வாரம் தாங்கமாட்டார். அது எனக்குத் தெரியும்.

அட்டவணை முன் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பஸ். 5.45. காவலாளி இன்று திறக்கவில்லை. சேவுப் பொட்டலத்தைக் கம்பிக்கு இடையே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, சனி

விடுமுறை. இருந்தும் பள்ளிக்குப் போனேன். எதற்கு என்று கேட்ட பள்ளிக் காவலாளியிடம், குடையை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னேன்.

புள்ளிகளை மறுபடி வைத்தேன். எல்லாம் நினைவிலிருந்துதான். பன்னிரண்டும் சரி. இந்த முறை அழுத்தி எழுதினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக் கடைசி அறைக்குப் போனேன். இருதயராஜ் சார் தனியாக இருந்தார். அவர் எதிரில், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“என்னைக்கில இருந்து தெரியும்?” என்றார்.

ஒன்பது வருடம் என்றேன். ஓர் அரையாண்டுத் தேர்வு. மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியும் இவர் அறையில் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பருவத்தில் அறையை மாற்றினேன்.

பிறகு சொன்னார்: “ஒம்பது வருசமா நல்ல ரூமா அமையுதேன்னு நான் கர்த்தருக்குல்லா நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் டீச்சர். யாருக்கும் தெரியலன்னுதான இருந்துட்டேன். தெரிஞ்சிருச்சுன்னா அன்னைக்கே போயிக் காதக் காட்டியிருப்பேன்.”

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் ஒன்பது வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை இதற்கு முன் அவர் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

துணை முதல்வரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். அறையை மட்டும் சொல்லச் சொன்னார். “காரணத்தச் சொல்ல வேண்டிய நேரத்துல நானே சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்லாதீக.” சரி என்றேன். வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

நாளை பெரிய வெள்ளி. பள்ளி விடுமுறை, காப்பகத்திலும் பார்வை இல்லை. ஆகவே இன்றே கிளம்பினேன். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது துணை முதல்வரின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

“பஸ் ஸ்டாண்டா டீச்சர்? ஏறுங்க.”

ஏறினேன். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. பையிலிருந்து லுங்கி வெளியே தெரிந்தது, அதையும் பார்த்தார். இறக்கிவிட்டு, “ஓடுங்க, வண்டிய எடுக்கான்” என்றார். நன்றி சொன்னேன். தலைக்கவசம் போட்டிருந்ததால் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

முந்தின வண்டியே கிடைத்துவிட்டது. 5.28. கதவு திறந்திருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாற்றக்கூடாதவற்றை ஒரு தாளில் எழுதித் துணை முதல்வரிடம் கொடுத்தேன். பதினொரு பெயர். பன்னிரண்டாவதை எழுதவில்லை. அவசியம் வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

காரணம் எங்கே என்று கேட்டார். சிலருடையது எனக்கே தெரியாது, தெரிந்ததைச் சொல்ல மாட்டேன் என்றேன். தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“இருதயராஜ் சாருக்கு மட்டும் வருசா வருசம் அந்த மேல் ரூம். டீச்சருக்கு வேண்டப்பட்டவரான்னு தாளாளர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“கோமதி டீச்சர் சொன்னாகன்னு சொல்லுங்க” என்று என் பெயரையே சொன்னேன்.

“நீங்கதான் போறீகளே. போனவுக பேரப் போட்டா எத்தன நாளைக்கு டீச்சர் நிக்கும்?”

அவர் குரலில் ஏளனம் இல்லை. நியாயமான கேள்வி. பதினேழு வருடத்தில் நான் சேர்த்தது, நான் எழுந்து போன பிறகு எத்தனை நாள் நிற்கும்?

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

சுவரில் அதே அட்டவணை. தரைத்தளம், மூன்றாம் அறை. இருதயராஜ் சார் பணியறைக்கு வருவதையே விட்டுவிட்டார். டீயை மாடிக்கே வரவழைத்துக்கொள்கிறார்.

5.40. காவலாளி திறந்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு பலகையை மூடி வைக்கப் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். துணை முதல்வர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை.

“டீச்சர், அந்த லிஸ்ட்ல இன்னும் ஒரு பேரு சேக்கணும்.”

யார் பெயர் என்றேன்.

“ஏம் பேருதான். புதன்கிழமை எட்டாவது பீரியட். இந்த அஞ்சாறு வருசமா எனக்கு அந்த நேரத்துல கிளாஸ் வந்ததே இல்ல. இந்தச் சனியன் அதுல பன்னெண்டாம் கிளாஸத் தூக்கிப் போட்டுருச்சு. மாத்தப் போனா காரணம் கேக்குது. மூணு நாளா உக்காந்திருக்கேன், ஒண்ணும் அடிக்க வரல.”

நான் பலகையிலிருந்து அவர் பெயர்ச்சீட்டை எடுத்துத் திருப்பிக் கையில் கொடுத்தேன். ஒரு புள்ளி. பக்கத்தில் ‘புதன் 8’.

நின்றவர் உட்கார்ந்துவிட்டார். “இது எப்ப வெச்சது?”

“ஆறு வருசமாச்சு.”

“நான் கேக்கவே இல்லையே.”

“ஒரு புதன்கிழமை இதே ரூம்ல உக்காந்து மூணு தடவ கடிகாரத்தப் பாத்தீங்க. அப்புறம் எட்டாவது பீரியட் எடுக்க எந்திரிச்சுப் போனீங்க. அடுத்த பருவத்துல மாத்துனேன்.”

சீட்டை விரலால் தடவிப் பார்த்தார். “அது வந்து டீச்சர், எங்க வீட்ல...” என்று ஆரம்பித்தார். காரணம் வேண்டாம் என்றேன். நிறுத்திக்கொண்டார்.

பிறகு எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். புள்ளிச் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டும் முடிந்த பிறகு என் சீட்டையும் எடுத்துத் திருப்பினார். அதன் பின்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் முகவரி மட்டும் இருந்தது.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“தேவைப்படல.”

அவர் என்னைப் பார்த்த விதத்தில், பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்திருக்கலாம். கணினியைத் திறந்து பன்னிரண்டு பெயர்களையும் ஏற்றினார். காரணம் என்ற கட்டத்தில் பன்னிரண்டுக்கும் ஒரே சொல்லை அடித்தார்: வழக்கம். ஒரு கட்டம்கூடச் சிவப்பாகவில்லை.

தாளாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

“வழக்கம்பேன். இந்தப் பள்ளிக்கூடத்துல வழக்கத்த யாரு டீச்சர் கேள்வி கேட்டிருக்கா?”

இருவரும் சிரித்தோம். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நாள். மாலை 3.30-க்குப் பணியறையில் போண்டா, டீ, பொன்னாடை. தாளாளர் பேசினார். பதினைந்து வருட சேவை என்றார். நான் திருத்தவில்லை. சண்முகவடிவு ஒரு கோடியிலும் ராஜாமணி மறுகோடியிலும் நின்று அழுதார்கள்.

இருதயராஜ் சார் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார், பிள்ளைகள் அவருக்கு எழுதிக் கொடுப்பதுபோல. ‘மே 12 மதுரையில் காது மருத்துவர். அங்கே உங்களுக்கு டைம்டேபிள் போடுகிறவர் யார்?’ முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டினேன். இரண்டாவதற்குத் தெரியாது என்று கையை விரித்தேன்.

ஒப்படைப்புத் தாளில் எழுதியது: பலகை 1. சீட்டுகள் 720. பெயர்ச்சீட்டுகள் 31. மாற்றக்கூடாதவை 12. என் கையெழுத்து. அதற்குக் கீழே வெயிலுமுத்துவின் கையெழுத்து. வாங்கி ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மணி 4.25 ஆகியும் அவர் அங்கேயே நின்றார். இன்று புதன்கிழமை, எட்டாவது பாடவேளை முடிந்தாயிற்று, கிளம்புங்கள் என்று நான்தான் சொன்னேன். “இன்னைக்கு ஒரு நாள் போகட்டும் டீச்சர்” என்றார்.

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

ஜூன் 2, திங்கள்

புதிய பள்ளி. 8.50-க்குப் போனேன். முதல்வர் என்னைவிட இளையவர், மரியாதையானவர். என் கால அட்டவணையைக் கொடுத்தார். கணினி அச்சு. வாரத்துக்கு இருபத்தெட்டு வகுப்பு. பார்த்துக்கொண்டே வந்தேன்; வியாழன் கடைசிப் பாடவேளை காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு.

இது எதற்கு என்று கேட்டேன்.

“உங்க பழைய ஸ்கூல் வைஸ் பிரின்சிபால் போன் பண்ணாரு மேடம். உங்களுக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் கிளாஸ் வைக்கக்கூடாதுன்னாரு. காரணம் கேட்டேன். வழக்கம்னாரு.”

வெயிலுமுத்து என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது ஒரே ஒரு நாள். அது வியாழக்கிழமை.

ஆமாம், வழக்கம்தான் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

பள்ளி விட்டது 4.10. பஸ் 4.20. காப்பகம் 5.00. தம்பி முன்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். “என்னக்கா, கதவு தெறந்திருக்கு?” என்றான். அரை மணி நேரம் பேசினோம். இனிமேல் எல்லா வெள்ளியும் இப்படித்தான்.

இருதயராஜ் சாரிடமிருந்து செய்தி: ‘மாடி, கடைசி அறை. காதில் மிஷின் வைத்தாயிற்று. கருவேலங்காட்டுக் காக்காய் இவ்வளவு சத்தமாகவா கத்தும்? துணை முதல்வரிடம் நானே சொன்னேன். அறையை மாற்ற வேண்டாம் என்றார்.’

ஜூன் 12, வியாழன்

எட்டாவது பாடவேளை, 3.30 முதல் 4.10 வரை. எல்லாரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். திருத்த வேண்டிய நோட்டு இல்லை. பிடிக்க வேண்டிய பஸ் இல்லை. இந்த நாற்பது நிமிடத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. சொன்னால் இதை எடுத்துவிட்டு வேறு கிழமையில் தருவார்கள். சொல்லவில்லை.

நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு முறை எழுந்து, பையிலிருந்த என் கால அட்டவணையை எடுத்தேன். அதன் பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் எழுதினேன்: வியாழன் 8.